காட்டுப் பயிற்சியில் வரும் தோல் புண்ணுக்கு இழப்பீடு: பிரிட்டன் படைவீரர்களுக்கான விதிகள்

மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டின் மழைக்காடுகளில் பிரிட்டன் தரைப்படை தன் வீரர்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் காட்டுப் போர்ப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. 1981இல் அந்நாடு விடுதலை பெற்ற பின்னும் அங்கே நின்ற காவல் படை 1994இல் திரும்பிவிட, அதன் பிறகு பயிற்சிக்கான ஆதரவுப் பிரிவே எஞ்சியது. அந்தக் காட்டிலிருந்து திரும்பும் வீரர்கள் சிலருக்கு வரும் ஒட்டுண்ணி நோய்தான் தோல் லீஷ்மேனியாசிஸ். அதற்கு இழப்பீடு கோர முடியுமா, முடியுமென்றால் எந்த விதியின்கீழ் என்பதைப் பார்ப்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் கோரிக்கையில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் நோயின் போக்கிலிருந்தே வருகின்றன. இந்த ஒட்டுண்ணியைப் பரப்பும், இரண்டு மூன்று மில்லிமீட்டரே இருக்கும் மணல் ஈ அந்திக்கும் விடியலுக்கும் இடையில் ஓசையின்றிக் கடிக்கிறது. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் அது எளிதாக நுழைந்துவிடும். கடித்த இடத்தில் சில வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் கழித்து ஒரு சிவந்த பரு எழும்பி, மெல்லப் பெருத்து, விளிம்பு தடித்து நடுவில் குழிந்த புண்ணாக உடைகிறது. அதற்குள் வீரர் தாய்நாடு திரும்பியிருப்பார். புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே ஏதோ பூச்சிக்கடி சீழ் பிடித்துவிட்டது என்று நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுக்கப்படுவதும், அது பலிக்காமல் போவதும் வழக்கம். பெலீஸில் பரவலாகக் காணப்படும் லீஷ்மேனியா மெக்சிகானா என்ற ஒட்டுண்ணி வகையால் வரும் புண் பல நேரங்களில் தழும்பை விட்டுத் தானாகவே ஆறிவிடும், ஆனால் காது மடலில் வந்தால் ஆண்டுக்கணக்கில் நீடித்து மடலையே அரிக்கும். காட்டில் சிக்லே பிசின் எடுக்கும் தொழிலாளரிடையே இது பழைய நோய். பிரேசிலியென்சிஸ் வகை இன்னும் மோசமானது. தோல் புண் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அது மூக்கு, வாய் ஆகியவற்றின் உட்சவ்வைத் தாக்கக்கூடும்.

2005 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ ஆற்றிய பணியால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் ஆயுதப் படை இழப்பீட்டுத் திட்டம் பொருந்தும். நிரந்தரப் படையினர், சேமப் படையினர், கூர்க்கா வீரர்கள் அனைவரும் இதில் அடங்குவர். பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். மேலதிகாரி தவறு செய்தார் என்றோ வலை தரப்படவில்லை என்றோ நிறுவத் தேவையில்லை. நோய்க்குப் படைப்பணியே முதன்மைக் காரணம் என்பதற்கு இல்லை என்பதைவிட ஆம் என்ற வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும், ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

பலரும் தயங்கி நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. திட்டத்தின் 2011ஆம் ஆண்டு ஆணை, வெளியிலிருந்து தொற்றும் நோய்களைப் பொதுவாக இழப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆனால் அதே பிரிவு, மிதவெப்ப மண்டலத்துக்கு வெளியே தொற்றிய நோயை, பணியின்போதே அந்தத் தொற்றுக்கு ஆளாகியிருந்தால், விலக்கிலிருந்து விடுவிக்கிறது. வெப்ப மண்டலத்திலுள்ள பெலீஸ் காட்டில் மணல் ஈ கடித்து வந்த புண் இந்த விதிவிலக்குக்குள் நேராக வந்து அமர்கிறது. தொற்றுநோய்க்கு இழப்பீடு கிடையாது என்று யாரேனும் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது பாதி விதி மட்டுமே. எனினும் விடுப்பில் சொந்தமாகச் சுற்றுலா போன இடத்தில் தொற்றியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

ஆகவே கோரிக்கையின் பலம் ஆவணத்தில்தான் இருக்கிறது. பயிற்சிக்குச் சென்ற தேதிகளைக் காட்டும் பணிப் பதிவு, புண்ணை முதன்முதலில் மருத்துவரிடம் காட்டிய நாள், புண் விளிம்பிலிருந்து எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எந்த ஒட்டுண்ணி வகை என்பதைப் பிசிஆர் எனும் மரபணுச் சோதனையால் கண்டறிந்து எழுதிவைப்பது மிக முக்கியம். பின்னாளில் மூக்கில் கோளாறு வந்தால் அந்த ஒரு வரிதான் பழைய பயிற்சியோடு அதை இணைக்கும். பூச்சிக்கடி என்று மட்டும் குறித்த மருத்துவச் சீட்டு பெரிதாக உதவாது.

விண்ணப்பிக்கப் பொதுவான கால வரம்பு 7 ஆண்டுகள். நோய்க்கு முதன்முதலில் மருத்துவ ஆலோசனை பெற்ற நாள், பணியிலிருந்து விலகிய நாள் போன்றவை இந்த வரம்பைக் கணக்கிடும் தொடக்கப் புள்ளிகள். காலம் கடந்து வெளிப்படும் நோய்களுக்குத் தனி விலக்கு இருப்பதால், உட்சவ்வுப் பாதிப்பு வந்தவர்கள் வரம்பு முடிந்துவிட்டது என்று தாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது.

தொகை 15 நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது; ஒருமுறை வழங்கும் தொகை 1,236 பவுண்டு முதல் 650,000 பவுண்டு வரை, வரியின்றிக் கிடைக்கும். தழும்போடு ஆறிய ஒற்றைப் புண் இந்த நிலைப் பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருக்கும், சில வேளை பட்டியலுக்குள்ளேயே வராமலும் போகலாம். சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் மருந்தை இருபது நாட்கள் சிரை வழியே ஏற்றி, இதயத்துடிப்பு வரைபடமும் கல்லீரல், கணையச் சோதனைகளும் பார்த்துக்கொண்டு படுத்திருக்க நேர்வது கடுமைதான், ஆனால் தொகையைத் தீர்மானிப்பது சிகிச்சையின் சிரமம் அன்று, எஞ்சும் செயல்குறையும் அதன் காலமும்தான். நோயின் போக்கு தெளிவாகாத நிலையில் இடைக்கால வழங்கலுக்கும், பின்னர் எதிர்பாராத வகையில் பெரிதும் முற்றினால் மறு ஆய்வுக்கும் விதியில் இடமுண்டு.

2005 ஏப்ரல் 6க்கு முந்தைய பணியால் நோய் வந்தவர்களுக்குப் பழைய போர் ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். பணியை விட்டு விலகிய பிறகே அதில் விண்ணப்பிக்க முடியும், ஆனால் கால வரம்பு இல்லை. விலகிய 7 ஆண்டுகளுக்குள் கோரினால் பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அரசின்மீது விழுகிறது. ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக மதிப்பிடப்பட்டால் மொத்தத் தொகையும், 20 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் ஓய்வூதியமும் கிடைக்கும். பணம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், தொண்ணூறுகளில் பெலீஸ் சென்று வந்து இன்னும் கோராதவர்கள் தள்ளிப்போடுவதில் இழப்புதான்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் முதலில் மறுபரிசீலனை கேட்கலாம், அதிலும் உடன்பாடில்லையெனில் சுயேச்சையான தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தில் தொற்றுநோய் விலக்கைக் காரணமாகக் காட்டியிருந்தால், மிதவெப்ப மண்டலத்துக்கு வெளியே என்ற விதிவிலக்கைப் பரிசீலித்தார்களா என்பதே அங்கே எழுப்ப வேண்டிய முதல் கேள்வி.