யாம் (yam) என்கிற கிழங்குக்குத் தமிழில் என்ன பெயர்? வள்ளியா, கவலையா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் சந்தையில் தங்கை மகன் ஒரு நீளக் கிழங்கைத் தூக்கிப் பிடித்து, "மாமா, இது வைல்ட் யாம்தானே?" என்றான். நான் வாயைத் திறக்கும் முன்பே விற்றுக்கொண்டிருந்த காணிக்காரப் பழங்குடிப் பெரியம்மா, "கவலையாக்கும் மக்களே" என்று சொல்லிவிட்டார். சென்னையில் வளர்ந்த பையன் முழித்தான், யாருக்கு என்ன கவலை என்று.

யாம் என்பது ஆங்கிலத்துக்கே சொந்தச் சொல் இல்லை. தின்பதைக் குறிக்கும் ஒரு மேற்கு ஆப்பிரிக்கச் சொல், போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் யாம் ஆயிற்று. நம் ஊரில் சேனையையும் யாம் என்கிறார்கள், அமெரிக்காவில் சீனிக்கிழங்குக்கும் அதே பெயர். இப்படி எதற்கும் ஒட்டுகிற சொல்லை நம்பிக் காட்டுக்கிழங்கை அடுப்பில் ஏற்ற முடியாது.

நம்மிடம் இருப்பது வள்ளி. வள்ளி என்றால் கொடி. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களில் வள்ளிக்கிழங்கும் ஒன்று என்கிறார் கபிலர் (புறநானூறு 109). சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அப்போது அமெரிக்கக் கண்டத்தில் இருந்தன, பிற்பாடு வந்து பெயரில் பங்கு வாங்கிக்கொண்டன. மரவள்ளி கொடிகூட இல்லை! முருகனின் வள்ளிக்கு அந்தப் பெயர் வந்ததும், கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த பிள்ளை என்பதால்தான்.

கவலையும் பழைய சொல்தான். கவலை தோண்டிய குழியில் கொன்றைப்பூ உதிர்ந்து கிடப்பதைச் செல்வர் வீட்டுப் பொற்பேழை திறந்ததுபோல என்கிறது குறுந்தொகை 233. கேரளப் பக்கம் போய்க் கவல என்றால் நாற்சந்தியைக் காட்டுவார்கள், அது வேறு கதை. ஆக, யாம் என்கிற டயாஸ்கோரியா இனம் முழுவதற்கும் வள்ளி என்றே சொல்லலாம். அதில் ஒரு வகைக்குத்தான் கவலை என்று பெயர். வீட்டுத் தோட்டத்துக் காச்சில் இன்னொரு வகை, பெருவள்ளி.

ஆனால் பெயர் தெரிந்துவிட்டால் கிழங்கு தெரிந்துவிட்டது என்று ஆகாது. நாம் சிறுகிழங்கு என்பதை மலையாளத்தில் கூர்க்க என்கிறார்கள், அவர்கள் செறுகிழங்ஙு என்பதோ ஒரு வள்ளி. இங்கே ஏமாந்தால் குழம்பு மாறும், அவ்வளவுதான். காட்டில் ஏமாந்தால் உயிர் போகும். மூன்று இலை கூடி, தண்டில் முள்ளோடு ஏறும் ஒரு வள்ளியின் கிழங்கு வலிப்பை வரவழைக்கும், மெல்லிசாகச் சீவி ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு நஞ்சை எடுக்கத் தெரிந்தவர்களே அதைத் தொடுவார்கள். அதைவிட மோசம் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, மலையாளத்தில் மேந்தோன்னி. பூ இல்லாத நாளில் கலப்பை வடிவக் கிழங்கைப் பார்த்து உண்ணும் கிழங்கு என்று நினைத்துவிடுவார்கள். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள், அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கசந்தால் துப்ப வேண்டியதுதான், ஆனால் கசக்காததெல்லாம் நல்ல கிழங்கு என்று நினைக்கக் கூடாது.

அதனால் நான் தோண்டப் போவதில்லை, வாங்குகிறேன். 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களில் கிழங்கையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அதன் உரிமையைக் காட்டில் வாழ்பவர்களுக்குத் தருகிறது. அன்று வாங்கிய கிழங்கின் மேல்முனை வெட்டுப்பட்டிருந்தது. தலை எங்கே என்று கேட்டேன். "அதக் குழியிலயே வச்சு மண்ணப் போட்டு மூடியாச்சு. இல்லாட்டி அடுத்த வருசம் எதத் தோண்ட?" என்றார் பெரியம்மா.

வீட்டில் மண் போகக் கழுவி, தோலைத் தடியாகச் சீவினோம். கை வழவழத்தது. துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து நன்றாக வேகவிட்டு, நீரை வடித்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு (துவையல்) வைத்தால், "மாமா, இன்னும் கொஞ்சம் கவலை இருக்கா?" என்கிறான்.