உடலுக்கு ஏது தட்பவெப்பநிலை?

புதிதாக வாங்கிய வெப்பமானியின் பெட்டிக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. உடலின் ‘தட்பவெப்பநிலை’ காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்குமாம். தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சிகளிலும் இதே சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்லும் செய்தியில் பிழையில்லை, சொல்லில்தான்.

தட்பம் என்றால் குளிர்ச்சி, ‘தண்’ணுக்கு உறவு. வெப்பம் ‘வெம்மை’க்கு உறவு. இரண்டும் சேர்ந்த தட்பவெப்பநிலை, ஓர் ஊரின் குளிரையும் வெயிலையும் சொல்லும் புவியியல் சொல். ஊட்டிக்கு உண்டு, வேலூருக்கு உண்டு, என் அக்குளுக்குக் கிடையாது. டெம்பரேச்சர் என்பதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே ‘வெப்பநிலை’ இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் நண்பர் விடவில்லை. ஏறுவதோடு இறங்கவும் செய்கிறதே, வெப்பம் என்று மட்டும் சொன்னால் குளிர்ச்சி விடுபட்டுப்போகாதா என்றார். குள்ளமானவரை அளந்தாலும் உயரம் என்றுதானே எழுதுகிறோம்? ‘குட்டைநெட்டைநிலை’ என்றா குறிக்கிறோம்? பஞ்சை நிறுத்தாலும் எடைதான். உருகும் பனிக்கட்டிக்கும் வெப்பநிலை உண்டு, பூஜ்யம் டிகிரி செல்சியஸ். நண்பர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. தாளில் அடுத்த வரியிலேயே ‘தட்பவெப்ப மாற்றம்’ வேறு. படிக்கையில் விலாவுக்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதுபோல இருக்கிறது.

அதற்காக ‘உடல் சூடு’ என்று எழுதலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் வீடுகளில் அது வேறு சங்கதி. கண் எரியும், வாய் புண்ணாகும். ஊறவைத்த வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் அதற்கு வைத்தியம். வெப்பமானியை வைத்தால் வழக்கமான அளவைத்தான் காட்டும். ‘உடல் வெப்பம்’ பேச்சுக்குச் சரி. ஆனால் ஒரே வெப்பநிலையில் உள்ள டம்ளர் நீருக்கும் அண்டா நீருக்கும் வெப்பம் ஒன்றாகுமா?

ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் வெளியிட்ட 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 ஃபாரன்ஹீட், வெறும் சராசரி. நாம் அதை வேதவாக்காக்கிவிட்டோம். 1992-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு சராசரியை 98.2 என்றது. விடியற்காலையில் தாழ்ந்து மாலையில் உச்சம் தொடுவது உடலின் வழக்கம். வித்தியாசம் ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ். மாலை ஐந்து மணிக்கு 99 ஃபாரன்ஹீட் கண்டதுமே காய்ச்சல் மாத்திரை தேடுபவருக்கு இதைச் சொல்ல ‘வெப்பநிலையின் இயல்பான ஏற்ற இறக்கம்’ போதும். சந்தை விலைக்கு அன்றாடம் புழங்குகிற சொல்தான்.

தாளில் இருந்த தட்பங்களையெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். பின்பக்கத்தில், கருமுட்டை வெளியானபின் பெண்களுக்கு வெப்பநிலை சற்றே ஏறுவதைச் சொல்ல வந்தவர், ‘சீதோஷ்ண உயர்வு’ என்று எழுதியிருந்தார். சீதம் என்றாலும் குளிர்ச்சிதான். பேனாவை மூடிவிட்டேன்.