கந்தம்: கிளாடியோலஸ் கிழங்கின் சரியான பெயர்

இங்கிலாந்தில் கோடைக்குப் பூக்கும் பாத்தி போடுபவர்கள் வசந்த காலத்திலேயே கிளாடியோலஸ், குரோகோஸ்மியா என்னும் பூச்செடிகளின் கிழங்குகளை வாங்கிவிடுவார்கள். கடைப் பையில் பெரும்பாலும் 'பல்ப்' என்றுதான் போட்டிருக்கும். தாவரவியலில் அதன் பெயர் 'கார்ம்'. தமிழ்நாட்டுத் தாவரவியல் பாடநூல்கள் இதைக் கந்தம் என்கின்றன. பல்புக்குத் தமிழ்ப் பெயர் குமிழம்.

இரண்டும் ஒன்றல்ல. வெங்காயம் குமிழம், உரித்தால் அடுக்கடுக்காக வரும். அந்த அடுக்குகள் உணவைச் சேர்த்துவைத்துச் சதைப்பிடித்த இலைகள். கிளாடியோலஸ் கிழங்கை நறுக்கினால் அடுக்கே இருக்காது, உள்ளே முழுக்கக் கெட்டியான சதை. அது பருத்துக் குறுகிய தண்டு. மேலே உள்ள காய்ந்த தோலை நீக்கினால் வளைய வளையமாகக் கணுக்கள் தெரியும், கணுக்களில் மொட்டுகளும் இருக்கும்.

'கார்ம்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'கோர்மோஸ்' என்றால் கிளைகளை வெட்டிக் கழித்த அடிமரம். வெட்டுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. லத்தீன் வழியாக 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத் தாவரவியலுக்குள் வந்தது. இலையும் கிளையும் இல்லாத கட்டைத் தண்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

'கந்தம்' வடமொழியின் 'கந்த' என்ற சொல்லிலிருந்து வந்தது, கிழங்கு என்று பொருள். முனிவர்கள் கந்தமூலம் உண்டார்கள் என்று கதைகளில் கேட்டிருப்போமே, அந்தக் கந்தம்தான் இது. வாசனையைக் குறிக்கும் கந்தம் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. இந்தக் குழப்பத்துக்காகச் சிலர் 'தண்டுக்கிழங்கு' என்று எழுதுகிறார்கள். பொருள் பளிச்சென்று விளங்குகிறது, உண்மைதான். ஆனால் உருளைக்கிழங்கும் தண்டுதானே? அதையும் இதையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் கந்தம் என்பதே சரி என்பது என் முடிவு. நம் சமையலறைச் சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும்கூடக் கந்தங்களே. காஷ்மீரின் குங்குமப்பூச் செடியும் கந்தத்திலிருந்துதான் முளைக்கிறது.

தோட்டக்காரருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். கிளாடியோலஸ் ஒவ்வொரு பருவத்திலும் பழைய கந்தத்தைத் தின்றே வளர்கிறது. அதன் தலைமேல் புதுக் கந்தம் ஒன்று உருவாகிறது, பழையது சுருங்கிவிடுகிறது. அடியைச் சுற்றிக் குட்டிக் கந்தங்களும் பிறக்கும். புதுக் கந்தத்துக்குச் சோறு போடுவது இலைகள். அதனால் ஜாடிக்குப் பூ வெட்டும்போது செடியில் நான்கு இலைகளாவது விட்டுவைக்க வேண்டும். இலையோடு அடியில் அறுத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் கந்தம் தேறாது. கீழ்ப்பூ ஒன்றிரண்டில் நிறம் தெரிந்ததும் வெட்டலாம், மற்றவை தண்ணீரில் நின்றே விரியும்.

நடவு மார்ச் முதல் மே வரை, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில். ஆழம் குறைந்தால் கனத்த பூந்தண்டு காற்றில் சாயும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நட்டால் கோடை முழுக்க வெட்டப் பூ கிடைக்கும். அப்புறம் இலையுதிர் காலத்தில் தோண்டி எடுத்து, காய்ந்த பழைய கந்தத்தைக் கிள்ளிவிட்டு, உறைபனி படாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். (கிளாடியோலஸ் என்றால் லத்தீனில் சிறுவாள். இலையைப் பார்த்தாலே காரணம் புரியும்.)

குரோகோஸ்மியாவின் போக்கு வேறு. தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்த இதன் பெயர், குங்குமப்பூ, மணம் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. உலர்ந்த பூவை வெந்நீரில் போட்டால் அந்த மணம் வரும். இதன் பழைய கந்தம் சுருங்கி மறைவதில்லை. புதியது அதன்மேல் ஏறி உட்கார, மண்ணுக்குள் மாலைபோல் கோத்துக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளில் புதர் நெருங்கிப் பூ குறைந்துவிடும். வசந்த காலத்தில் தோண்டி மாலையைப் பிரித்து, மேலிருக்கும் பருத்த கந்தங்களை இடைவெளி விட்டு நட வேண்டும். மிச்சத்தை வேலிக்கு வெளியே வீசக் கூடாது. 1880 வாக்கில் பிரான்சின் நான்சி நகரில் விக்டர் லெமுவான் உருவாக்கிய மான்ட்பிரேஷியா என்ற குரோகோஸ்மியாக் கலப்பினம் இப்படியே பரவிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைக் காட்டுவெளியில் நடுவது இன்று சட்டப்படி குற்றம்.