நண்பகல் வெயிலை மாலைக்குக் கொண்டுபோவது எப்படி?

தமிழ்நாட்டில் 2024 மே 2 அன்று மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். அப்படிப்பட்ட கோடை நாட்களில் மின்வாரியப் பொறியாளர்களுக்கு நண்பகல் பெரிய கவலையில்லை. சூரியன் உச்சியில் இருக்கும்போது, கமுதியில் 2016 முதல் இயங்கும் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா தொடங்கி வீட்டு மாடிகள்வரை எல்லாச் சூரியத் தகடுகளும் சேர்ந்து கைகொடுத்துவிடும். சிக்கல் மாலை ஆறரைக்கு மேல்தான். தகடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும், விளக்குகளும் ஏசிகளும் ஒரே நேரத்தில் எழும்.

சூரிய மின்சாரம் வளர்ந்த வேகத்தை முதலில் பார்த்துவிடலாம். 2000ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் நிறுவப்பட்டிருந்த திறன் 1 ஜிகாவாட்டைச் சற்றே தாண்டியிருந்தது. 2022இல் அது ஆயிரம் ஜிகாவாட்டைக் கடந்தது. இந்தியா மட்டும் 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டை எட்டியது. காரணம் விலை. நிலக்கரியைத் தோண்ட வேண்டும், ஏற்ற வேண்டும், எரிக்க வேண்டும். தகட்டுக்கு எரிபொருளே கிடையாது. அது தொழிற்சாலையில் அச்சடித்ததுபோல் வெளிவரும் பண்டம். உலகின் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அதன் விலை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்து வந்திருக்கிறது. சிலிக்கன் வில்லைகளை மெலிதாக அறுக்கக் கற்றார்கள், வெள்ளிப் பசையைக் குறைத்தார்கள், சீனா பிரம்மாண்டமான ஆலைகளைக் கட்டியது. விலை சரிந்துகொண்டே போனது.

தகட்டுக்குள் நடப்பது இதுதான். சிலிக்கன் வில்லையின் ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸ், மறுபக்கத்தில் துளி போரான் கலந்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிலையான ஒரு மின்புலம் உண்டாகிவிடும். ஒளித்துகள் ஒன்று வந்து மோதி எலக்ட்ரானை விடுவிக்கும்போது, அந்த மின்புலம் அதை ஒரே பக்கமாகத் தள்ளும். கம்பியை இணைத்தால் மின்னோட்டம். அசையும் பாகம் எதுவும் இல்லை. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய முதல் சிலிக்கன் மின்கலம், விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் தகடு 20 சதவீதத்துக்கு மேல் மாற்றுகிறது.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தகட்டுக்கு ஒளி வேண்டும், சூடு ஆகாது. அதன் திறனைக் குறிப்பது 25 டிகிரி வெப்பநிலையில். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம்வரை உற்பத்தி குறையும். மே மாத மொட்டைமாடியில் தகடு 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கத்திரி வெயிலைவிடப் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தகட்டுக்கு உகந்தவை. தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்று புக இடம்விட்டுப் பொருத்தச் சொல்வது இதனால்தான்.

மாடியில் சோலார் போட்டவர்கள் பலர் கேட்கும் கேள்வி: "வெயில் கொளுத்துகிறது, கரண்ட் போனால் நம் வீட்டிலும் ஏன் கரண்ட் இல்லை?" மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் முறையில், தகட்டின் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கான மாறுமின்னோட்டமாக்கும் சாதாரண இன்வெர்ட்டர், மின்கட்டமைப்பின் அலையைப் பார்த்துத்தான் தன் அலையை உருவாக்கும். அந்த அலை நின்றதும் இதுவும் நின்றுவிடும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு உங்கள் மாடியிலிருந்து வரும் மின்சாரம் எமனாகிவிடும். மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாலைச் சிக்கலுக்கு வருவோம். மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். தேவை மிஞ்சினால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். அனல் மின் நிலையத்தின் கொதிகலனை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் மூட்ட முடியாது. பகலில் அதைத் தணித்து ஓட்டி, மாலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மேலே இழுப்பதே பெரும்பாடு.

காற்று உதவாதா? உதவும், அதற்குரிய பருவத்தில். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கி நுழைந்து வேகமெடுக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். கணவாய் வாயில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதன் ரகசியம் இந்தக் கணக்குதான். ஆனால் மார்ச், ஏப்ரல் மாலைகளில், புழுக்கத்தில் ஊரே ஏசி போடும் வேளையில், அந்த இறக்கைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

ஆகவே சேமிப்பு. ஆனைமலையில் உள்ள கடம்பாறை இதற்கு அருமையான சான்று. 1980களின் இறுதியில் முழுமையடைந்த, மலையைக் குடைந்து கட்டிய 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் அது. மின்சாரம் மிகும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து நீரை மேலே ஏற்றும். தேவை எகிறும்போது அதே நீரைத் திறந்துவிட்டு, அதே இயந்திரத்தைத் திருப்பிச் சுழலவிட்டு மின்சாரம் எடுக்கும். கணக்கு எளிது: ஆயிரம் லிட்டர் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதில் இருப்பது சரியாக ஒரு யூனிட். 400 மெகாவாட்டை ஒரு மணி நேரம் கொடுக்க ஏறத்தாழ 40 கோடி லிட்டர் இறங்க வேண்டும். ஏற்றி இறக்குவதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பும் உண்டு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே போன்ற திட்டம் வகுக்கப்பட்டது. மலை, நீர், காடு, பல ஆண்டுகள் எல்லாம் கேட்கும் வேலை இது. வேண்டிய இடத்திலெல்லாம் கட்ட முடியாது.

பேட்டரி வேகமாக வருகிறது. லித்தியம் பேட்டரியின் விலை 2010க்குப் பிறகு பத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை வேளையில், சிறிது நேரத்துக்கு மாநிலத்தின் மிகப் பெரிய மின் மூலமாகவே பேட்டரிகள் இருந்தன. பகலில் நிரப்பிய வெயில் அது.

ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, அணையோ பேட்டரியோ வேண்டாத இன்னொரு வழி: மாலைத் தேவையையே பகலுக்கு நகர்த்துவது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 4 கிலோவாட் இழுக்கும். ஒரு லட்சம் மோட்டார்கள் என்றால் 400 மெகாவாட். கடம்பாறையின் முழுத் திறனும் அவ்வளவுதான். ஒரு லட்சம் மோட்டார்கள் மாலையில் ஓடாமல் நண்பகலில் ஓடினால், ஒரு கடம்பாறையைக் கட்டாமலே கட்டியதாகும், ஏற்றி இறக்கும் இழப்பும் இல்லாமல். வயலுக்குப் பாய்ந்த தண்ணீரை மாலை ஏழு மணிக்குத் திருப்பி எடுக்க வேண்டியதில்லையே.

விவசாயிக்கும் இது நல்லது. பல மாநிலங்களில் மும்முனை மின்சாரம் இரவில் வரும். டார்ச் லைட்டோடு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடப்பவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். குஜராத் 2020இல் பகல் நேர விவசாய மின்சாரத்துக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. 2019இல் வந்த மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில், விவசாய மின்பாதைகளுக்குப் பக்கத்திலேயே சிறு சூரிய மின் நிலையங்கள் அமைக்க வழிசெய்யப்பட்டது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நாள் முழுக்க இலவசமாக, வசதியான நேரத்தில் மின்சாரம் வந்தால் மோட்டார் தேவைக்கு மேல் ஓடும். ஏற்கெனவே வற்றிவரும் கிணறுகள் இன்னும் ஆழத்துக்குப் போகும். நேரத்தை மாற்றும்போதே எத்தனை மணி நேரம் என்பதையும் வரையறுத்து, சொட்டுநீர்ப் பாசனத்தோடு சேர்த்துச் செய்தால்தான் வெயிலில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் இழக்காமல் இருப்போம்.