சதவீதத்துக்கு அப்பால்: ஊதிய ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் தொழிற்சங்கங்களுக்கு ஆலோசனை சொல்லி வரும் என்னிடம், சங்க நிர்வாகிகள் முதலில் கேட்பது பெரும்பாலும் எத்தனை சதவீத உயர்வு கேட்கலாம் என்பதைத்தான். வாயிற்கூட்டத்தில் அறிவிக்க அந்த எண் வசதியானதே. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் ஆண்டுகளில் தொழிலாளிக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்பது, அந்த உயர்வு எந்தத் தலைப்பில் சேர்க்கப்படுகிறது, அதற்கு ஈடாக நிர்வாகத்துக்கு எதை எழுதிக் கொடுத்தோம் என்பவற்றைப் பொறுத்தது.

ஒருவருடைய அடிப்படை ஊதியம் 100, படிகள் 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 10 சதவீதம், அதாவது 16 உயர்கிறது. அது முழுவதும் அடிப்படை ஊதியத்தில் சேர்ந்தால், மிகைநேர ஊதியமும் ஓய்வுக்கால நிதியும் அடிப்படையை வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில் அவையும் 16 சதவீதம் உயரும். அதே 16 'சிறப்புப் படி' என்ற பெயரில் வந்தால், சம்பளச் சீட்டின் மொத்தத் தொகை இரண்டிலும் ஒன்றேதான். மிகைநேரக் கணக்கோ பழைய 100இலேயே நின்றுவிடும். இதை நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். செலவைக் கட்டுப்படுத்துவது அவர்கள் வேலை. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது சங்கத்தின் வேலை.

அந்தக் கணக்கைப் போட நிறுவனத்தின் நிதிநிலை தெரிய வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 98ஆம் உடன்படிக்கை தன்னார்வக் கூட்டுப் பேரத்தை ஊக்குவிக்கச் சொல்கிறது. 1981ஆம் ஆண்டின் 163ஆம் பரிந்துரை, பொருளுள்ள பேச்சுவார்த்தைக்குத் தேவையான பொருளாதாரத் தகவல்களைச் சங்கம் கேட்டால் முதலாளி தர வேண்டும் என்றும், வெளியானால் நிறுவனத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவற்றுக்கு இரகசியக் காப்பு உறுதி கேட்கலாம் என்றும் கூறுகிறது. பரிந்துரை நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று என்றாலும், தகவல் கேட்டு எழுதும் கடிதத்தில் அதைச் சுட்டுவது நல்லது. கேட்காமலே மேசைக்கு வரும் சங்கங்களே அதிகம்.

பல நாள் பேசிக் களைத்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து வரும்: 'இவ்வொப்பந்தத்தில் குறிப்பிடப்படாத ஏனைய கோரிக்கைகள் அனைத்தும் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.' வழக்கமான வாசகம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பணிப் பாதுகாப்பு, இரவுப் பணிக்கான போக்குவரத்து போன்று முடிவு காணாமல் தள்ளிவைத்த கோரிக்கைகளும் இதற்குள் அடங்கிவிடுவதால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவற்றைத் திரும்ப எழுப்ப நிர்வாகம் இடம்கொடுக்காது. தள்ளிவைத்தவற்றைப் பெயர் சொல்லி இந்த ஷரத்திலிருந்து விலக்கி, எந்தத் தேதிக்குள் பேசி முடிப்பது என்றும் எழுதி வாங்க வேண்டும். உற்பத்தி இலக்கை உயர்த்த ஒப்புக்கொண்டிருந்தால், இயந்திரப் பழுதாலும் மூலப்பொருள் வராததாலும் வீணாகும் நேரம் யார் கணக்கில் சேரும் என்பதையும் அங்கேயே எழுதுவது அவசியம்.

நிலுவைத் தொகையைப் பற்றியும் ஒன்று. பழைய ஒப்பந்தம் முடிந்து பல மாதங்கள் கழித்தே புதியதில் கையெழுத்தாவது வழக்கம். உயர்வு முன்தேதியிட்டு வழங்கப்பட்டாலும், நிலுவை 'கையெழுத்தாகும் நாளில் பணிப்பட்டியலில் உள்ளவர்களுக்கு' என்று எழுதப்பட்டிருந்தால், இடையில் ஓய்வு பெற்றவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் விடுபட்டுப் போவார்கள். 'இக்காலத்தில் பணியாற்றிய அனைவருக்கும், அவர்கள் பணியாற்றிய நாட்களுக்கு' என்று அந்த வரியை மாற்றக் கேட்டால், செலவு சிறிது என்பதால் நிர்வாகங்கள் பெரிதாக மறுப்பதில்லை. கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.