பஸ்ஸில் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்: கொழும்புப் பயணிகளுக்கு ஒரு விளக்கம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், கொள்ளுப்பிட்டிக்குப் போகக் காலி வீதியில் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினார். நடத்துநரிடம் நூறு ரூபாத் தாளைக் கொடுத்தார். அவர் அதை நீளவாக்கில் மடித்து, விரலிடுக்கில் ஏற்கனவே இருந்த தாள்களோடு செருகிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். டிக்கெட்டும் வரவில்லை, மிச்சக் காசும் வரவில்லை. பம்பலப்பிட்டியில் பரிசோதகர்கள் ஏறினார்கள். "டிக்கட் எக பென்னன்ன" என்று ஒருவர் கையை நீட்டியபோது அம்மாவிடம் காட்ட ஒன்றுமில்லை. "காசு கொடுத்துவிட்டேன் தம்பி" என்று தமிழில் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்ற ஒரு மாணவி சிங்களத்தில் எடுத்துச் சொன்ன பிறகுதான் நடத்துநர் ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் கட்ட நேரவில்லை. ஆனால் முழு பஸ்ஸும் தன்னைத் திரும்பிப் பார்த்ததை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை.

அவருக்கு விதி தெரிந்திருந்தால் ஏறியவுடனேயே டிக்கெட்டைக் கேட்டிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேல் மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களில் பயணி டிக்கெட் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஒக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 100 ரூபாவும் அதோடு பயணக் கட்டணத்தின் இரு மடங்கும் தண்டம். 27 ரூபாக் கட்டணத்துக்கான தூரம் என்றால் 154 ரூபா. இதைக் கேட்டதும் பயணிக்கு எதிரான விதி என்று பலர் நினைக்கிறார்கள். பாதி மட்டுமே உண்மை. டிக்கெட் கொடுப்பது நடத்துநரின் கடமை. கொடுக்காத நடத்துநர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். கடமை இரு பக்கமும் இருக்கிறது; ஆனால் பரிசோதகர் முன்னால் வெறுங்கையோடு நிற்பது பயணிதான். ஆகவே நடத்துநர் தருவார் என்று காத்திருக்காமல் காசைக் கொடுக்கும்போதே கேளுங்கள். சிங்களம் அவ்வளவாகப் பேச வராதவர்கள் இந்த இரண்டு சொற்றொடர்களை மனதில் வைத்திருந்தால் போதும்: "டிக்கட் எகக் தென்ன" என்றால் டிக்கெட் ஒன்று தாருங்கள், "இதுரு சல்லி தென்ன" என்றால் மிச்சக் காசைத் தாருங்கள். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து புறக்கோட்டையில் முதன்முதலாக பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

வாங்கிய டிக்கெட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இயந்திரத்தில் அடித்துத் தரும் சீட்டில் பொதுவாகத் திகதி, நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம், பஸ்ஸின் இலக்கம் ஆகியவை இருக்கும். நீங்கள் வெள்ளவத்தையில் ஏறியிருக்க, தெஹிவளையிலிருந்து என்று அடித்திருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். இறங்கும்வரை சீட்டைப் பையின் அடியில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். இன்னொன்று: அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வெயில்பட்ட சட்டைப் பையில் இரண்டு நாள் கிடந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். முறைப்பாடு செய்யும் எண்ணமிருந்தால் இறங்கியதுமே தொலைபேசியில் படமெடுத்துவிடுங்கள்.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பஸ் கட்டணம் கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கூடுவதில்லை. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, கட்டம் கட்டமாகக் கூடுகிறது. முதற் கட்டத்துக்குரியதுதான் ஆகக் குறைந்த கட்டணம். எரிபொருள், டயர், உதிரிப்பாகம், சம்பளம் ஆகிய செலவுகளைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் கட்டணம் திருத்தப்படுகிறது. டீசல் விலை பெரிதாக மாறினால் இடையிலும் திருத்தப்படும். 2022 மார்ச்சில் 20 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த கட்டணம் அதே ஆண்டு ஜூலையில் 40 ஆனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் அது படிப்படியாக இறங்கி, 2024 ஜூலையில் 28, ஒக்டோபரில் 27 என்று வந்தது. கட்டணம் குறைக்கப்பட்ட செய்தி பத்திரிகையில் வந்த பிறகும் பழைய கட்டணத்தையே வாங்குவதுண்டு. பஸ்ஸுக்குள் கட்டண அட்டவணை ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக் கேட்பது உங்கள் உரிமை. அரைச் சொகுசு பஸ் என்றால் சாதாரணக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு, சொகுசு பஸ் என்றால் இரு மடங்கு. ஏறுவதற்கு முன் முகப்புப் பலகையைப் பாருங்கள். ஏறிய பிறகு கூடுதல் கட்டணம் கேட்டால் திகைக்க வேண்டியிருக்காது.

கட்டணம் 27 ரூபா என்றால் 30 ரூபா கொடுக்கிறோம். மூன்று ரூபா திரும்பி வருவதே இல்லை. கேட்டால் "சில்லறை இல்லை" என்கிறார்கள், அல்லது பதிலே இல்லை. மூன்று ரூபாதானே என்று நாமும் விட்டுவிடுகிறோம். போகவும் வரவும் ஒரு நாளைக்கு ஆறு ரூபா, இருபத்தைந்து வேலை நாளுக்கு 150 ரூபா. ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போய்வரும் ஒரு பெண்ணுக்கு அது சின்னத் தொகை அல்ல. மிச்சக் காசு முழுவதும் பயணிக்கு உரியது. நானும் ஐந்து ரூபாவும் இரண்டு ரூபாவுமாகக் குற்றிகளைத் தனியாக ஒரு சிறிய பணப்பையில் சேர்த்து வைத்துச் சரியான தொகையைக் கொடுக்கப் பழகியிருக்கிறேன். ஆனால் எல்லோராலும் அது முடியாது, அதைப் பயணியின் கடமையாக்குவதும் நியாயமில்லை. வங்கி அட்டையால் கட்டணம் செலுத்தும் முறை 2025 நவம்பரில் தெரிவுசெய்யப்பட்ட சில வழித்தடங்களில் தொடங்கியது. அது எல்லா பஸ்களுக்கும் பரவினால் இந்த மூன்று ரூபாச் சண்டைக்கு இடமிருக்காது.

ஆசனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கத்தில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கிய ஆசனங்கள் உண்டு. வேறு யாராவது அமர்ந்திருந்தால் நடத்துநரிடம் சொல்லி எழுப்பச் சொல்லலாம். நீங்களே வாக்குவாதம் செய்யத் தேவையில்லை. அந்த அறிவிப்புகள் தமிழிலும் பிழையின்றி இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பஸ்ஸில் 'தாய்மார்' என்பது 'நாய்மார்' என்று எழுதப்பட்டிருந்த படம் பரவியது. ஓர் எழுத்துதான், ஆனால் வயிற்றில் பிள்ளையோடு ஏறும் ஒரு தமிழ்ப் பெண் அந்த வரிக்குக் கீழே உட்கார வேண்டியிருந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. ஊர்ப்பெயர்ப் பலகை, அறிவிப்பு ஆகியவற்றில் தமிழ் இல்லாவிட்டாலோ தவறாக இருந்தாலோ, ராஜகிரியவில் உள்ள அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் படத்தோடு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழுவின் வேலையே அதுதான்.

பாடசாலை மாணவர்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) சலுகை விலையில் சீசன் டிக்கெட் தருகிறது. பாடசாலை மூலம் உறுதிப்படுத்தி, டிப்போ என்று நாம் சொல்லும் பஸ் சாலையில் பெற வேண்டும். அது இ.போ.ச. பஸ்ஸில் மட்டுமே செல்லும், தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆனால் சீசன் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கண்டால் தரிப்பிடத்தில் நிறுத்தாமல் போகும் பஸ்கள் இருக்கின்றன. காலை ஆறரை மணிக்குச் சீருடையோடு கையை நீட்டியபடி நிற்கும் பிள்ளைகளைத் தாண்டிப் போவதைப் பார்க்கும் எவரும் அந்த பஸ்ஸின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், தன் பிள்ளையாக இல்லாவிட்டாலும். 'சிசு சரிய' என்று பலகை போட்டு ஓடும் பாடசாலைச் சேவை வேறு. அரச மானியத்தோடு 2005இல் தொடங்கிய அதை இ.போ.ச. பஸ்களும் தனியார் பஸ்களும் நடத்துகின்றன.

நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்களைத் தொடுவதும் உரசுவதும் குற்றம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கை முழுவதும் 2,500 பேரிடம் நடத்திய ஆய்வில், பெண்களில் 90 சதவீதத்தினர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொலிஸை நாடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் இதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உடனடி உதவிக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பஸ்ஸுக்குள் உரத்த குரலில் சொல்லுங்கள், எந்த மொழியிலும் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் தயவுசெய்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாவுக்காக வாயைத் திறந்த மாணவியைப் போல ஒருவர் பேசினால் போதும்.

இனி முறைப்பாடு. எங்கே சொல்வது என்று தெரியாததால்தான் பாதிப் பேர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பஸ்ஸைப் பொறுத்து இடம் மாறும். இ.போ.ச. பஸ் என்றால் 1958ஐ அழைக்க வேண்டும். பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்ததும் 1958ஆம் ஆண்டுதான். அப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். கண்டி, ஹட்டன், யாழ்ப்பாணம், காலி என்று மாகாணம் விட்டு மாகாணம் போகும் தனியார் பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வரும். அதன் இலக்கம் 1955. 100, 138, 177 போன்ற, மேல் மாகாணத்துக்குள்ளேயே ஓடும் தனியார் பஸ்கள் பத்தரமுல்லையில் உள்ள மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு உரியவை. நீர்கொழும்பு, களுத்துறை, அவிசாவளை எல்லாம் மேல் மாகாணம்தான். சிலாபம், இரத்தினபுரி அப்படியல்ல. தூரத்தைப் பார்க்காதீர்கள், மாகாண எல்லையைப் பாருங்கள்.

அழைப்பதற்கு முன் நான்கு விவரங்களைக் கையில் வைத்திருங்கள்: பஸ்ஸின் பதிவு இலக்கம், வழித்தட இலக்கம், திகதியும் நேரமும், ஏறி இறங்கிய இடங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்கத்தில் எத்தனையோ பஸ்கள் ஓடுகின்றன. வழித்தட இலக்கத்தை மட்டும் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என்.பி., என்.சி., என்.டி. போன்ற எழுத்துகளோடு நான்கு இலக்கங்களாக இருக்கும் பதிவுத் தகடுதான் முக்கியம். டிக்கெட் இருந்தால் இவற்றில் பெரும்பகுதி அதிலேயே இருக்கும். தமிழில் பேச உங்களுக்கு உரிமை உண்டு; அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம் என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயமே சொல்கிறது. தொலைபேசியை எடுத்தவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அதே விவரங்களைத் தமிழில் எழுதி டிக்கெட்டின் படத்தோடு அனுப்புங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தால் அதையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி அழைக்கும்போது முதலில் அந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள்.