ஏரிக்கரைச் சாமிக்கு எனாமல் வேண்டாம்

கோடை முற்றி ஏரி காய்ந்துவிட்டால் பழைய வட ஆற்காட்டு ஊர்களில் மழைக்கான வேலைகள் ஆரம்பமாகும். கொடும்பாவி கட்டி இழுப்பார்கள், வீடு வீடாக மழைச்சோறு எடுப்பார்கள், பாரதம் படிக்க ஆள் அமர்த்துவார்கள். சில ஊர்களில் கரையோரம் கிடக்கும் பழைய கல் சாமிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. கல் சிற்பங்களைப் பராமரிப்பது என் தொழில். முனீஸ்வரன் என்றோ மொட்டைச் சாமி என்றோ ஊர் கூப்பிடும் உருவத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சில இடங்களில் அவர் புத்தர். இந்தப் பக்கம் அதைவிட அதிகமாகத் தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் குரு. வள்ளிமலையும் ஆற்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலையும் சமணர் இருந்த இடங்கள்தானே.

இரண்டையும் பிரித்தறிய நெஞ்சைப் பாருங்கள். புத்தர் என்றால் இடது தோளிலிருந்து வலது அக்குளுக்குக் கீழே சீவரம் என்ற துறவி ஆடையின் விளிம்பு மெல்லிய கோடாக ஓடும். தீர்த்தங்கரருக்கு ஆடை இல்லை. தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தருக்குப் பெரும்பாலும் உச்சியில் தீச்சுடர் போன்ற முடி உண்டு. ஆடைக்கோடு தேய்ந்து போயிருந்தால் இருட்டிய பிறகு டார்ச்சைச் சிலையின் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து வரும்.

புத்தரிடம் மழை கேட்பது நம் ஊர் மக்கள் அறியாமல் செய்யும் காரியம் என்று நினைக்க வேண்டாம். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான மச்ச ஜாதகத்தின் முன்கதையில் கோசல நாடு வறண்டு, புத்தர் தங்கியிருந்த ஜேதவன மடத்துக் குளம் சேறாகக் கிடக்கிறது. புத்தர் குளிக்கும் துணியை உடுத்திக் குளத்துப் படியில் வந்து நிற்க, மழை கொட்டுகிறது. லாவோஸின் லுவாங் பிரபாங்கில் இரண்டு கைகளையும் உடம்போரம் நேராகத் தொங்கவிட்டு, விரல்கள் மண்ணைப் பார்க்க நிற்பவர் மழையை அழைக்கும் புத்தர். தாய்லாந்தில் அவர் வலது கையை உயர்த்தி மழையைக் கூப்பிடுவார், இடது கையை விரித்து நீரை ஏந்துவார். சியாங் மாய் நகரில் வாட் சியாங் மான் கோயிலிலுள்ள பிரா சிலா என்ற கற்சிற்பம் மழை தரும் என்று இன்றும் நம்புகிறார்கள். சித்திரைப் புத்தாண்டில் அதற்கு நீராட்டு நடக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சோறு போட்டது மழை பொய்த்த காஞ்சியில்தான்.

ஆகவே மழைக்காக ஊற்றும் தண்ணீரை நான் தடுப்பதில்லை. கருங்கல் அதைத் தாங்கும். ஆனால் உப்பேறிய போர்வெல் தண்ணீர் வேண்டாம். வெயிலில் காயும்போது உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாகித் தோலைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். எண்ணெய் பூசினால் தூசும் புகையும் ஒட்டிக் கெட்டிப்படும். பாதத்தின் மேலேயே கற்பூரம் ஏற்றினால் சூட்டில் கல் வெடிக்கும். ஓரடி தள்ளித் தட்டில் ஏற்றலாம்.

எல்லாவற்றிலும் மோசம் எனாமல் பெயிண்ட். “இன்னா சார், சாமி பளிச்சுனு இருக்க வேணாமா?” என்று கேட்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் பெயிண்ட் பூசினால் கல்லுக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லை. ஓரிரு மழைக்காலத்தில் பெயிண்ட் உரியும்போது அந்த ஆடைக்கோடும் சேர்ந்து உரியும். அப்புறம் அவர் யார் என்று சொல்ல எவராலும் முடியாது. ஏற்கெனவே பூசியிருந்தால் ஆசிட்டோ கம்பி பிரஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்த மூக்கைச் சிமென்டால் ஒட்டவும் வேண்டாம், அதிலிருந்தும் உப்பு இறங்கும்.

அடையாளம் தெரிந்துவிட்டால் சாமி பறிபோய்விடுமோ என்ற பயம் ஊரில் இருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டது புத்தர் சிலை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து என்னிடமும் கேட்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் படமோ அளவோ பதிவாகாத சிலை களவு போனால் அது நம்முடையது என்று நிரூபிக்கவே வழி இருக்காது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். ஏரி தூர் வாரும்போது புதிதாகச் சிலை தட்டுப்பட்டால் ஜேசிபியை நிறுத்திவிட்டு விஏஓவுக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கண்டெடுத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். அதிகாரிகள் வரும்வரை ஈர மண்ணோடு அப்படியே இருக்கட்டும், கழுவ வேண்டாம்.